ராட்சத மார்லினும் நம்ம மயில் மீனும்: ஆழ்கடல் தூண்டில் ட்ரிப் கிளம்புறதுக்கு முன்னாடி...

அந்த ரீல் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். நீலக் கடல், வெள்ளைப் படகு. படகின் பின்பக்கத்தில் பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கிற மாதிரி ஒரு நாற்காலி. அதில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒருவர் தூண்டில் கம்போடு மல்லுக்கட்டுகிறார். கம்பு வில்லாக வளைகிறது. தூரத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும்புகிறது ஒரு மீன். ஆட்டோவைவிட நீளம், மூக்கில் ஈட்டி. நாலு பேர் கத்துகிறார்கள், பின்னணியில் பிஜிஎம். கீழே கமென்ட்டில் யாராவது ஒரு நண்பரை டேக் செய்து கேட்டிருப்பார்: "மச்சி, இது நம்ம ஈசிஆர்ல கிடைக்குமா?"

சுருக்கமான பதில்: அந்த ரீலில் இருக்கும் பவளத்திட்டு இங்கே கிடையாது. அந்த சைஸ் மார்லினும் உங்கள் வீக்எண்ட் ட்ரிப்பில் கிடைக்காது. ஆனால் அதன் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் நம் வங்கக் கடலிலேயே இருக்கிறார். அவர் பெயர் மயில் மீன்.

நீளமான பதில்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் கோவளம், மாமல்லபுரம் பக்கம் சர்ஃபிங் பழக வருகிறவர்களில் பலருக்கு அடுத்த ஆசை தூண்டில்தான். 2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் போட்டி நடந்தபோது, அலையில் விளையாட நம் ஊருக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அதேபோல மீன் விளையாட்டும் வளர்ந்தால் நல்லதுதான். ஆனால் அலை சாகாது. மீன் சாகும்.

யார் இந்த மார்லின்?

கறுப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின், மயில் மீன் எல்லாம் ஒரே குடும்பம். மேல்தாடை நீண்டு ஈட்டி மாதிரி நிற்கும். முதுகில் பெரிய துடுப்பு. மயில் மீனுக்கு அந்தத் துடுப்பு உடம்பைவிட உயரமாக, விரித்தால் தோகை மாதிரியே இருக்கும். பெயர் வைத்த மீனவருக்கு ஒரு சல்யூட். இங்கிலீஷ்காரர்கள் அதில் பாய்மரத்தைப் பார்த்தார்கள், நம் ஆட்கள் மயிலைப் பார்த்தார்கள். இலங்கைப் பக்கம் இதே மீன் 'தளபத்'. ஆந்திராவில் மார்லினை 'கொம்மு கோனம்' என்கிறார்கள், அதாவது கொம்பு வைத்த வஞ்சிரம்.

இந்த மீன்களைப் பற்றி யூடியூபில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தகவல் உண்டு: 'மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும்.' கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மை இல்லை. தூண்டில் கயிறு எவ்வளவு வேகமாக உருவப்படுகிறது என்று அந்தக் காலத்தில் போட்ட கணக்கிலிருந்து வந்தவைதான் இப்படிப்பட்ட எண்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, இதன் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்க முடியும் என்று அளந்து பார்த்தது. கிடைத்த உச்ச வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 'ப்பூ, இவ்வளவுதானா' என்று நினைக்க வேண்டாம். 50 மீட்டர் நீச்சலின் உலக சாதனை வீரர்களே சராசரியாக மணிக்கு 9 கிலோமீட்டரைத் தொடுவதில்லை.

வேகத்தைவிட ஆச்சரியமான விஷயம் தலைக்குள் இருக்கிறது. மீன் என்றால் குளிர்ந்த ரத்தம் என்றுதானே படித்தோம்? இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தசை ஹீட்டர் மாதிரி வேலை செய்கிறது. அதனால் கண்ணும் மூளையும் மட்டும் சூடாக இருக்கும். குளிர்ந்த ஆழத்துக்குள் பாய்ந்தாலும் பார்வை மங்காது. ஈட்டி மூக்கை வைத்து இரையைக் குத்திச் சாப்பிடும் என்று நினைப்போம். மயில் மீன் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மத்திக் கூட்டத்துக்குள் மூக்கை மெதுவாக நுழைத்து, பக்கவாட்டில் சடாரென்று வீசும். அடிபட்டுத் தடுமாறும் மீனை அப்புறம் நிதானமாக விழுங்கும்.

சைஸ் கணக்கு இதுதான். மயில் மீனில் தூண்டில் உலக சாதனை 100 கிலோ, 1947-ல் ஈக்வடாரில் பிடிபட்டது. கறுப்பு மார்லினில் 707 கிலோ. 1953 ஆகஸ்ட் 4-ம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் பிடித்தார். 70 வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த சாதனையை யாரும் உடைக்கவில்லை. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' 1958-ல் படமாக வந்தபோது, அதில் துள்ளும் மார்லினுக்கு கிளாசெல் பிடித்த மீனின் ஃபுட்டேஜைப் பயன்படுத்தினார்கள்.

பவளத்திட்டு ஓரம் என்ன விசேஷம்?

நீங்கள் பார்த்த ரீல் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் பக்கம் எடுத்ததாக இருக்கும். உலகின் மிகப் பெரிய பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபின் வெளி விளிம்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பக்கம் இருந்த ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டு என்ற அமெரிக்கருக்கு, இங்கே ராட்சத மார்லின் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பிற்பாடு திரும்பி வந்து 'சீ பேபி' என்று ஒரு படகு கட்டினார். 1966 செப்டம்பரில் அவர் படகில் ரிச்சர்டு ஓபாக் என்ற இளைஞர் 1,064 பவுண்டு கறுப்பு மார்லினைப் பிடித்தார். கிட்டத்தட்ட 483 கிலோ. அன்றிலிருந்து கேர்ன்ஸின் தலையெழுத்தே மாறியது. ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் மாதிரி ஆட்கள் வருடா வருடம் வந்து போகும் இடமானது. 1,000 பவுண்டு, அதாவது 453 கிலோவைத் தாண்டிய மீனுக்கு 'கிராண்டர்' என்று பெயர். அந்தப் பெயருக்காகத்தான் இன்றும் நாளொன்றுக்குப் பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் கொட்டுகிறார்கள்.

மீன் ஏன் அங்கே கூடுகிறது? திட்டின் உள்பக்கம் ஆழம் குறைந்த கடல். வெளிப்பக்கம் விளிம்பைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே தரை நூற்றுக்கணக்கான மீட்டர் சரிகிறது. மொட்டை மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி. அந்தச் சுவரோரம் நீரோட்டம் மோதும் இடத்தில் சின்ன மீன் சேரும், அதைத் தின்ன சூரை வரும், சூரையைத் தின்ன மார்லின் வரும். இது பாதிக் காரணம். மீதிப் பாதிதான் முக்கியம்: செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கறுப்பு மார்லின்கள் அங்கே கூடுவது முட்டையிட.

பெரிய மீன் எல்லாமே அம்மா மீன்

ரீல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கறுப்பு மார்லினில் ஆண் பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டாது. பெண்தான் அதைவிட மூன்று மடங்கு வரை வளரும். அதனால், 'கிராண்டர்' என்று யாராவது கத்தினால் அது பெண் மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சீசனில் பிடித்திருந்தால் முட்டையிட வந்த மீனாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பெரிய பெண் மீன் கோடிக்கணக்கில் முட்டையிடும்.

இதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் வருமானம் இல்லாமல் போகும், மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை நம்மை முறைக்கும். காரணம், அது மீன் இனப்பெருக்கக் காலம். நாம் முட்டையிடும் நேரம் பார்த்துப் படகைக் கட்டிப்போடுகிறோம். அங்கே முட்டையிடும் நேரம் பார்த்தே படகைக் கிளப்புகிறார்கள்!

அப்படியென்றால் அங்கே எல்லோரும் வில்லன்களா? அதுவும் இல்லை. கேர்ன்ஸில் பிடிபடும் மார்லின்களில் பெரும்பாலானவற்றை இப்போது திரும்பக் கடலில் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கறுப்பு, நீல மார்லின்களைத் தொழில்முறைப் படகுகள் கரைக்குக் கொண்டுவரத் தடை இருக்கிறது. பவளத்திட்டுப் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கில் 2004-லிருந்து மீன்பிடிக்கவே கூடாது. ஆக, இந்த விளையாட்டின் நியாயம் முழுக்க ஒரே கேள்வியில் தொங்குகிறது: விட்ட மீன் பிழைக்கிறதா?

அந்தக் கேள்விக்குப் பதில் படகில் நடப்பதைப் பொறுத்தது. அதனால் படகில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தூண்டில் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிற வேலை இல்ல!

முறைக்குப் பெயர் ட்ரோலிங். நீங்கள் ட்விட்டரில் செய்வது இல்லை, ட்ராலர் படகு மடிவலையைத் தரையோடு இழுக்கும் ட்ராலிங்கும் இல்லை. ஓடும் படகுக்குப் பின்னால் இரையை நீர்மட்டத்தில் இழுத்துக்கொண்டே போவதுதான் ட்ரோலிங். படகின் இருபுறமும் நீண்ட கம்புகள் கை விரித்த மாதிரி நிற்கும். அவற்றிலிருந்து கயிறுகள் பிரிந்து போகும், ஒன்றோடு ஒன்று சிக்காது. ராட்சத மார்லினுக்கு பிளாஸ்டிக் பொம்மை இரையைவிட நிஜ மீன்தான் அதிகம் வேலைக்கு ஆகும். சூரை, கானாங்கெளுத்தி இனத்து மீன்களை ஊசி நூல் வைத்துத் தைத்து, தண்ணீரில் துள்ளுகிற மாதிரி ஓட விடுவார்கள். அந்த இரை மீனே சில கிலோ இருக்கும். நாம் ஒரு வாரம் குழம்பு வைக்கலாம்.

பிறகு காத்திருப்பு. மணிக்கணக்கில். ரீலில் 30 நொடிதான் இருக்கும், நிஜத்தில் அதற்கு முன்னால் ஆறேழு மணி நேரம் வெயிலும் டீசல் வாடையும் வாந்தியும் இருக்கும். நாள் முழுக்கச் சுற்றி ஒன்றும் சிக்காமல் திரும்புவது சர்வசாதாரணம்.

கடித்துவிட்டால் கதை மாறும். கயிறு ரீலிலிருந்து கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வீர்கள். பெரிய மீனுக்குப் பயன்படும் கயிறு சுமார் 59 கிலோ இழுவையைத் தாங்கும். மீனின் எடை அதைப் போல பத்து மடங்குகூட இருக்கலாம். எப்படிச் சமாளிப்பது? ரீலில் ஒரு பிரேக் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்தால் கயிறு அறுவதற்கு முன் தானாக வழுக்கிக்கொண்டு போகும். மீன் ஓடி ஓடிக் களைக்கும்.

ஆனால் நிஜ வேலை உங்களுடையது இல்லை, ஸ்டியரிங் பிடிக்கிறவருடையது. நம் ஊரில் ஸ்ராங்கு என்போம். மீன் ஓடும் திசையில் படகை ரிவர்ஸில் விரட்டிக்கொண்டு போவது அவர்தான். நல்ல ஸ்ராங்கு இருந்தால் பெரிய மீனும் சீக்கிரம் பக்கத்தில் வந்துவிடும். சுமாரானவர் என்றால் மணிக்கணக்கில் இழுபறி. போட்டோ போடும்போது டேக் செய்ய வேண்டியது உண்மையில் அவரைத்தான்.

மீன் பக்கத்தில் வந்ததும் ஒருவர் கையுறை போட்டுக் கயிற்றின் கடைசிப் பகுதியைப் பிடிப்பார். இன்னொருவர் முதுகுத் தசையில் ஓர் அடையாளச் சீட்டைக் குத்துவார். அதில் ஓர் எண் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 1973-லிருந்து இப்படிக் குத்துகிறார்கள். சில மீன்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மறுபடி பிடிபட்டதும், மார்லின் எவ்வளவு தூரம் ஊர் சுற்றுகிறது என்று நமக்குத் தெரிந்ததும் அந்தச் சீட்டுகளால்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பிழைப்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம் தூண்டில் முள்ளுக்கு. வழக்கமான முள் தமிழ் 'ப' எழுத்தின் ஒரு காலை வெட்டிய மாதிரி இருக்கும். மீன் விழுங்கினால் தொண்டையிலோ வயிற்றிலோ மாட்டும். இன்னொரு வகை, முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள். விழுங்கினாலும் வழுக்கி வந்து பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அட்லாண்டிக்கின் வெள்ளை மார்லின்களில் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. விட்ட மீன்களின் மேல் சாட்டிலைட் கருவி பொருத்திக் கண்காணித்தார்கள். பழைய முள்ளில் மாட்டியவற்றில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. வட்ட முள்ளில் மாட்டியவை பிழைத்தன. ஒரு சின்னக் கம்பியின் வளைவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, நேரம். ரொம்ப நேரம் போராடிய மீன், நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் கொஞ்ச நேரத்தில் செத்துப் போகலாம். மூன்றாவது, நம் போட்டோ. நூறு கிலோ உடம்பைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. படகுக்குள் தூக்கினால் உள்ளுறுப்புகள் நசுங்கும், மூச்சும் நிற்கும். அமெரிக்காவில் விடப்போகிற மார்லினைத் தண்ணீரை விட்டுத் தூக்குவதே சட்டப்படித் தவறு. மடியில் மயில் மீனைப் போட்டுச் சிரிக்கிற போட்டோவைப் பார்த்தால் இனி லைக் போடுவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள்.

சரி, நம்ம கடல்ல என்ன இருக்கு?

மாமல்லபுரத்துக்குக் கீழே தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க ஏற்கெனவே முங்கிப் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டிஷ் குழு ஒன்றும் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே இறங்கின. 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் செதுக்கிய கற்களும் சுவர் போன்ற அமைப்புகளும் கிடைத்தன. பவளத்திட்டு இல்லை. இங்கே தரை மணலும் ஆங்காங்கே பாறையுமாக, கிழக்கே மெதுவாகச் சரிந்துகொண்டே போகிறது. மார்லின் விரும்பும் ஆழமான நீலத் தண்ணீருக்குக் கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் போக வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரம் முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீள்கிறது. தூண்டிலுக்குப் பெயர் போனவை இங்கே பாறை மீன், ஷீலா, வஞ்சிரம், சூரை, கடல் விரால். ஒரு நல்ல பாறை மீன் உங்கள் கையை இரண்டு நாள் வலிக்க வைக்கும், அதைக் குறைத்து எடை போட வேண்டாம். மயில் மீன் கொஞ்சம் தள்ளி, கூட்டமாகத் திரியும் சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு வரும். வேகமாக வளரும் மீன் அது. கிடைத்தால் அதிர்ஷ்டம். மார்லினும் வங்கக் கடலில் இருக்கிறது. அது ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கும் படகுகளின் ஆயிரங்கால் தூண்டிலிலும் செவுள் வலையிலும்தான் சிக்கும். அரை நாள் ட்ரிப்பில் 'மார்லின் கேரண்ட்டி' என்று யாராவது சொன்னால், அந்த வாட்ஸ்அப் சாட்டை அங்கேயே மூடிவிடலாம்.

பவளம் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்ட, தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் செயற்கைத் திட்டுகள் போட்டிருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வழிகாட்ட, முக்கோணம், வளையம் என்று கான்கிரீட் வடிவங்களைக் கடலடியில் இறக்குவார்கள். அதில் பாசி பிடித்து, சின்ன மீன் சேர்ந்து, பெரிய மீன் வரும். ஆனால் அவை கிராமத்து மீனவர்கள் தூண்டில் போட்டுப் பிழைப்பதற்காக இறக்கியவை. வீக்எண்ட் பார்ட்டி அங்கே போய் இடம் பிடித்தால் சண்டை வருவது நியாயம்தான்.

பவளத்திட்டு ஓரத்தில்தான் போட வேண்டும் என்றால் மன்னார் வளைகுடா இருக்கிறதே என்று கேட்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த 21 தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் ட்ரிப் பேச்சே கிடையாது. கடினப் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. இந்தியாவில் பவளமும் மார்லினும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அந்தமான். இதற்கென்றே படகுகளும் அனுபவமுள்ள ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், சென்னையிலிருந்து நேரடி விமானமும் உண்டு. செலவு? பைக் வாங்க வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டி வரும்.

மீனவர் கேட்கும் கேள்வி

'பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு டீசல்?' என்று ஒரு மீனவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மயில் மீன் அவருக்கு ட்ராஃபி இல்லை, சோறு. மார்க்கெட்டில் துண்டு போட்டு விற்பார்கள், கருவாடாகவும் போகும். அவர் பிடித்து விற்பதைத் தப்பு என்று சொல்ல, பொழுதுபோக்குக்குப் போகிற நமக்கு எந்த உரிமையும் இல்லை.

மீன் எண்ணிக்கை பற்றிய கவலையும் பெரும்பாலும் அவருடைய ஃபைபர் படகால் வந்தது இல்லை. இந்தியப் பெருங்கடல் முழுக்க நாடு நாடாக ஓடும் பெரிய கப்பல்களும் மைல்கணக்கில் விரியும் வலைகளும்தான் பெரிய பங்கு. இந்தியாவும் உறுப்பினராக இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2018-ல் இந்தக் குடும்பத்துக்கு எல்லை போட்டது. மயில் மீன் வருடத்துக்கு 25,000 டன், கறுப்பு மார்லின் 9,932 டன், வரி மார்லின் வெறும் 3,260 டன். 60 சென்டிமீட்டருக்குக் குறைவான குட்டியைப் படகில் வைத்துக்கொள்ளவே கூடாது.

என் கருத்து இது: இந்த விளையாட்டு இங்கே வளர்ந்தால், ஸ்டியரிங்கில் இருப்பவர் அந்தக் குப்பத்து ஆளாக இருக்க வேண்டும். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மீன் போகும், எந்த நிறத் தண்ணீரில் சூரை நிற்கும் என்பது கூகுளில் இல்லை. சர்ஃபிங்கில் கோவளத்துக்கு அப்படித்தான் நடந்தது. மீனவக் குடும்பத்துப் பையன்கள்தான் இன்று கோச். மீன் உயிரோடு இருந்தால் அவருக்குத் திரும்பத் திரும்ப வருமானம், செத்தால் ஒரு தடவை. இந்தக் கணக்கை நாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, காசு ஒழுங்காக அவர் கைக்குப் போனால் போதும்.

ஏறுவதற்கு முன்

2022 பிப்ரவரியில் விசாகப்பட்டினம் பக்கம், இதே வங்கக் கடலில், சிக்கிய பெரிய மார்லினைப் படகில் ஏற்ற முடியாமல் ஒரு மீனவர் தண்ணீரில் குதித்தார். மீன் அவர் வயிற்றில் குத்தியது. இறந்துவிட்டார். அனுபவமுள்ள, கடலிலேயே வளர்ந்த மனிதர். அதே வருடம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் படகில் சும்மா நின்றுகொண்டிருந்த 73 வயதுப் பெண்ணை, துள்ளி வந்த மயில் மீன் குத்தியது. ஈட்டி மூக்கு மீன் பக்கத்தில் வரும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு படகோரம் குனிகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது.

மீனைவிட ஆபத்து கடல்தான். மாமல்லபுரத்தில் படகு மணலிலிருந்தே இறங்கும், அலையை உடைத்துக்கொண்டுதான் வெளியே போக முடியும். கவிழ்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சீசனைப் பொறுத்தவரை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் பாதி வரை கடல் சாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனவில்கூடப் போக வேண்டாம். மாண்டஸ் புயல் 2022 டிசம்பரில் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரம் பக்கத்தில்தான்.

அட்வான்ஸ் போடுவதற்கு முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, எத்தனை பேர் வர்றோம், எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கு?" இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகும் ஆள் ஏற்றிப் போக அனுமதி வாங்கிய படகும் ஒன்று இல்லை, அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒயர்லெஸ் இருக்கிறதா, வானிலை எச்சரிக்கை பார்த்தாரா, வட்ட முள் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வட்ட முள் இல்லையென்றால் நீங்களே நாலு வாங்கிப் போய்க் கொடுங்கள், பெரிய விலை இல்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. கரையிலேயே போனில் ஏற்றிவிடுங்கள், கொஞ்ச தூரம் போனால் டவர் இருக்காது.

வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை. கிளம்புவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். முந்தின நாள் ராத்திரி பிரியாணி வேண்டாம், இட்லி போதும். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கடலில் வீசாதீர்கள், ஆமை கழுத்தில் போய் மாட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, நீங்கள் கிளம்பும் அதே மணலுக்குத்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. விடிவதற்கு முன் படகு தள்ளும்போது டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்து நடங்கள்.